வெருளிக்கு ஒரு சட்டமூலம்

புனிதவதியின் வீட்டுக் கராஜ் கதவில் யாரோ பெயின்றால் "உங்கள் நாட்டுக்கே திரும்பிப் போங்கள்" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கெட்ட வார்த்தையையும் இலவசமாகச் சேர்த்துவிட்டுப் போனபோது, பொலிஸ் வர நாலு நாள் எடுத்தது. அது போன மாரியில். அந்தக் கிழமை ஸ்காபரோவில் பனி கொட்டோ கொட்டென்று கொட்டியது, அதுதான் தாமதம் என்று அவர்களுக்கான சமாதானத்தையும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். வந்த அதிகாரி நல்ல பிள்ளை. சப்பாத்தைக் கழற்றட்டுமா என்றுகூடக் கேட்டார். படம் எடுத்தார், நீளமான இலக்கம் எழுதிய துண்டு ஒன்றைத் தந்தார், ஆளை நேருக்கு நேர் மிரட்டாதபடியால் இது சொத்துக்குச் சேதம் என்ற வகைக்குள்தான் வரும் என்று விளக்கினார். கதவுக்குத்தான் அநியாயம் நடந்தது, கதவுக்குப் பின்னால் இருந்தவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பதைப் புனிதவதி அன்றுதான் அறிந்துகொண்டாள்.

தொகுதி எம்.பி.க்கும் எழுதிப் பார்த்தாள். ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. "உங்கள் அக்கறைக்கு நன்றி" என்று ஆங்கிலத்திலும், "இனிய பொங்கள் வாழ்த்துக்கள்" என்று எழுத்துப் பிழையோடு தமிழிலும். கீழே எம்.பி. வேட்டி கட்டிப் பானைக்குள் அகப்பை விடும் படம்.

கதவைக் கழுவிக் கொடுத்தது எதிர்வீட்டு மார்லீன். அவள் இளைப்பாறிய தாதி, கறுப்பினப் பெண், எழுபது வயதுக்குக் கிட்ட. யாரும் கூப்பிடாமலே ஒரு தின்னர் போத்தலும் இரண்டு பிரஷும் கொண்டு வீதியைக் கடந்து வந்தாள். கைவிரல் விறைக்க விறைக்க இரண்டு பேரும் ஒன்றரை மணித்தியாலம் தேய்த்தார்கள். "இந்தச் சொல்லு கெதியாய்ப் போகாது, எனக்குப் பழக்கம்" என்று மட்டும் அவள் சொன்னாள். அதற்குப் பிறகு மார்லீன் வீட்டுக்குப் புனிதவதியின் ரோல்ஸ் போவதும், அங்கேயிருந்து ரம் கேக் வருவதுமாக இருந்தது.

கோடையில் புனிதவதியும் கணவன் இராசரத்தினமும் வீட்டுக்கு மேல்மாடி எடுக்கத் தொடங்கினார்கள். ஒற்றைத் தட்டாக இருந்த வீடு மரச்சட்டங்களோடு கிடுகிடுவென்று உயர்ந்தது. வீதியால் போகிற கார் எல்லாம் மெதுவாகப் போகத் தொடங்கின. றிச்மண்ட் ஹில்லில் இருந்து வந்த மச்சாள் பிரதீபா அண்ணாந்து பார்த்து, "பரவாயில்லை, பெரிசாத்தான் எடுக்கிறியள்" என்று ஒரு பெருமூச்சு விட்டுப் போனாள். அடுத்த நாளே தச்சன் ஏணியில் இருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டான். கண் பட்டதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் புனிதவதி ஒரு வெருளி செய்தாள். இராசரத்தினத்தின் பழைய காற்சட்டை, அவர் கலியாண வீடுகளுக்குப் போட்டுப் போட்டுக் கிழிந்த சிவப்புச் சேட். வயிற்றுக்குள் விளம்பரக் கடதாசிகள், அவற்றோடு எம்.பி.யின் செய்திமடல் மூன்று. தலைக்கு ஒரு தலையணை உறை. முகத்துக்குச் சப்பாத்துப் பொலிஷால் கறுப்படித்து, வெள்ளைப் பல்லும் சிவப்பு நாக்கும் வைத்தாள். ஊரில் புதுவீடு கட்டுகிறவர்கள் எப்படிச் செய்வார்களோ அப்படியே. பார்க்கிறவனின் கண் வீட்டில் படாமல் அதில் பட வேண்டும், அவ்வளவுதான் வெருளிக்கு உள்ள வேலை. இராசரத்தினம் மேலே ஏறி அதை முகப்புச் சட்டத்தில் கட்டினார். இடுப்பில் கட்டினால் தலைகீழாகப் புரண்டது. ஆகவே கழுத்தில் கட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை காலை காரில் போன யாரோ ஒருவர் படம் எடுத்து இணையத்தில் போட்டார். "தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் தூக்குக் கயிறு! கறுப்பு உருவம்!" அன்றைக்குப் பொலிஸ் வர இருபத்திரண்டு நிமிடம் எடுத்தது. இரண்டு கார். பனியும் இல்லைத்தானே.

புனிதவதி அப்போது முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலையில் நின்றாள். கதவைத் திறந்தவர் இராசரத்தினம். சார்ஜன்ட் மேலே கையைக் காட்டி, இதை யார் செய்தது என்று கேட்டார். இராசரத்தினம் வாய் திறந்து சொன்ன ஒரே வார்த்தை, "தெரியாது."

"ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?" வேலையால் வந்த புனிதவதி தலையில் கை வைத்தாள்.

"யூனிபோமைக் கண்ட உடன வாய் தானாச் சொல்லிப்போட்டுது. நான் என்ன செய்ய?"

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. இளமையில் மூன்று வேறு வேறு சீருடைக்காரர்கள் மூன்று வேறு வேறு மொழியில் அவரைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். மூன்று தரமும் இந்த ஒரு சொல்தான் அவரை வீட்டுக்கு அனுப்பிவைத்தது. கனடாவில் முப்பத்தொரு வருடம் வரி கட்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"நான் போய் உள்ளதைச் சொல்லுறன்."

"விசரே உமக்கு? பொலிசுக்குப் பொய் சொன்னது குற்றம். பேசாம இரும். ரெண்டு நாளில அவங்களே மறந்திடுவாங்கள். கராஜ் கதவை மறக்கேல்லையே?"

ஆனால் இந்த முறை ஒருத்தரும் மறப்பதாக இல்லை. வெருளியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். அது இப்போது வெருளி இல்லையாம், சாட்சிப் பொருளாம். விசேட பிரிவு வந்து கைரேகை எடுக்கும் வரை யாரும் தொடக்கூடாது. விசேட பிரிவு மேலே ஏறுவதென்றால் ஏணியைப் பாதுகாப்புப் பரிசோதகர் பார்க்க வேண்டும். பரிசோதகர் விடுமுறையில் நின்றார். மாடி வேலையும் நின்றது. ஆக, வெறுப்பைத் துடைத்தெறியப் புறப்பட்ட அரசாங்கம் முழுவதும் சேர்ந்து அதை ஸ்காபரோ வீதியொன்றில் பத்திரமாகத் தொங்க வைத்துக் காவல் காத்தது.

மாலையே எம்.பி. வந்தார். கூடவே அவருடைய கந்தோரில் வேலை செய்யும் சுலக்சன். இங்கேயே பிறந்த பிள்ளை, தமிழ்ப் பாடசாலைப் பரீட்சையில் மாகாணத்திலேயே முதலாவதாக வந்தவன், அதைக் கேட்காமலே சொல்லுவான். எம்.பி. புனிதவதியின் கையை இரண்டு கையாலும் பிடித்து, அவளுடைய வேதனை தன்னுடைய வேதனை என்றார். மிரட்டலைத் தடுக்கும் சட்டமூலம் ஒன்றை ஒட்டாவாவில் கொண்டுவரப் போகிறார், அடுத்த சனிக்கிழமை இந்த வாசலில் வைத்தே பத்திரிகைக்காரருக்கு அறிவிப்பார். தூக்குக் கயிற்றைக் காட்டி ஓர் இனத்தவரை அச்சுறுத்தினால் சிறை என்று அதில் ஏழாவது பிரிவு சொல்லும். மரச்சட்டத்தில் தொங்கியதைப் பாராளுமன்றச் சட்டத்தில் தொங்கவிடும் ஏற்பாடு அது.

வெட்கத்தை விட்டு உண்மையைச் சொல்வதென்றால், புனிதவதிக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. போன மாரியில் வரவேண்டிய ஆட்கள் எல்லாரும் இப்போதாவது வந்து கையைப் பிடிக்கிறார்கள். முன் கதவில் பூங்கொத்துகள் குவிந்தன. அந்த எழுத்தைப் பார்த்துத் தனியே நின்று அழுதவளுக்கு இது சும்மா கிடைத்ததாகப் படவில்லை. காரணம் பிழை, கவலை சரிதானே என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பும் எழுதிக்கொண்டாள்.

திங்கட்கிழமை சார்ஜன்ட் வாக்குமூலம் எடுக்க வந்தார். மொழிபெயர்க்கச் சுலக்சன். ஏன் இப்படி நடந்தது என்று நினைக்கிறீர்கள் என்று சார்ஜன்ட் கேட்டார். பாதி உண்மையாவது சொல்லுவோம் என்று அவள் நினைத்தாள்.

"எல்லாம் கண்ணூறு, தம்பி" என்றாள்.

சுலக்சன் கண்ணை மூடி யோசித்தான். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை, சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன். கண், ஊறு. ஊறு என்றால் தீங்கு. யாரோ கண்காணித்துத் தீங்கு செய்கிறார்கள் என்று சார்ஜன்டுக்கு எடுத்துச் சொன்னான். சார்ஜன்ட் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"யாரிலையும் சந்தேகம் இருக்கோ எண்டு கேக்கிறார் அன்ரி."

"வேற ஆர்? மச்சாள் பிரதீபாதான். அவ வந்து பாத்திட்டுப் போன அடுத்த நாளே தச்சன் விழுந்தவன்."

இதுவும் மொழிபெயர்க்கப்பட்டது. அன்று பின்னேரம் றிச்மண்ட் ஹில்லில் ஒரு கதவு தட்டப்பட்டது. பிரதீபா அதன் பிறகு இராசரத்தினத்தின் போனை எடுக்கவில்லை. வெருளி இதுவரை செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான் என்று அவர் சொன்னார்.

இத்தனைக்குள்ளும் மார்லீனைக் காணவில்லை. அந்த முதல் சனிக்கிழமை ஓடி வந்து புனிதவதியைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனவள்தான். அன்றிலிருந்து அவளுடைய முன்ஜன்னல் திரை இழுத்தபடியே கிடந்தது. வியாழக்கிழமை புனிதவதி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள். மார்லீன் பின்பக்கக் குசினியில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தாள். முன்னறைக்கு இப்போது போவதில்லையாம். போனால் அது தெரியும்.

"காத்துக்கு அது திரும்புது" என்றாள் மார்லீன். "திரும்பி இங்கே பார்க்குது."

பிறகு அவள் சொன்னாள். அவளுடைய தாய்க்கு ஒரு தமையன் இருந்தான். அமெரிக்காவின் தெற்கே, பத்தொன்பது வயதில், அவனைக் கழுத்தில் கயிறு போட்டு மரத்தில் தொங்கவிட்டார்கள். சனம் கீழே நின்று சிரித்துக்கொண்டு படம் எடுத்ததாம். தாய் நாடு விட்டு நாடு வந்தும் மரங்கள் நிற்கிற வீதியில் வீடு வாங்க விடமாட்டாள்.

"உங்களை மிரட்டத்தான் கட்டினார்கள், தெரியும். ஆனால் நித்திரை இல்லாமல் இருப்பது நான்" என்று மார்லீன் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "பயப்படாதே. சனிக்கிழமை பத்திரிகைக்காரர் வரும்போது நான் உன் பக்கத்தில் நிற்பேன்."

புனிதவதி தட்டை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்தாள். வீதியைக் கடக்கும்போது தான் செய்ததை முதல் தடவையாக மார்லீன் வீட்டுப் பக்கத்தில் இருந்து பார்த்தாள். சிவப்புச் சேட். சாய்ந்த கழுத்து. கறுத்த முகம். பயம் வந்தது. தன் கையால் பல்லு வைத்தவளுக்கே பயம் வந்தது.

உடனே சுலக்சனுக்குப் போன் எடுத்தாள். "தம்பி, உதை இண்டைக்கே இறக்க வேணும்."

"டோன்ட் வொரி அன்ரி, சற்றர்டே ப்ரெஸ் முடிய இறக்கலாம். மோர்னிங் லைற் நல்லா இருக்கும். எம்.பி.க்குப் பின்னால அது நிண்டாத்தான் இம்பாக்ட்."

"முன்வீட்டு மனிசி நித்திரை கொள்ளுறா இல்லை, தம்பி."

"எக்ஸாக்ட்லி அன்ரி. அதுக்காகத்தான் இந்த லோ."

அவள் பொலிசுக்கும் எடுத்தாள். காத்திருப்பு இசையை இருபது நிமிடம் கேட்ட பிறகு ஒரு குரல் வந்து, சாட்சிப் பொருள் யாருடையது என்று தெரியும் வரை அகற்ற முடியாது என்றது. போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். அவர் தொலைக்காட்சியைப் பார்த்தார்.

"நான் சொல்லத்தான் போறன்" என்றாள்.

"உம்மைத்தான் பிடிப்பாங்கள். அந்தாள் சட்டம் எழுதுறதே உம்மட பேரிலதான். முதல் ஆளா நீரே உள்ள போகப் போறீரோ?"

"போனாப் போறன்."

சனிக்கிழமை காலை வெளிச்சம் உண்மையாகவே நன்றாக இருந்தது. புல்லில் மேசை, மைக், நாலைந்து கமரா. எம்.பி. பேசும்போது வெருளி அவருடைய தலைக்கு மேலே சரியாக வரும்படி சுலக்சன் மேசையை இரண்டு தரம் நகர்த்தினான். மார்லீன் தேவாலயத்துக்குப் போகும் நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, மேலே பார்க்காமல், புனிதவதியின் கையைப் பிடித்தபடி நின்றாள். அவளுடைய உள்ளங்கை ஈரமாக இருந்தது. எம்.பி. ஏழாவது பிரிவை வாசித்தார். பிறகு, பாதிக்கப்பட்ட தாய் இரண்டு நிமிடம் பேசுவார் என்றார்.

புனிதவதி மைக்குக்குக் கிட்டப் போனாள். "உது வெருளி. கண்ணூறுக்குக் கட்டினது. நான்தான் செய்தனான், என்ர மனிசன்தான் கட்டினவர். ஒருத்தரும் எங்களை மிரட்டேல்லை."

தமிழ் வானொலிக்காரர் ஒருவர் மட்டும் மைக்கை மெல்லக் கீழே இறக்கினார். சுலக்சனின் முகம் வெளிறியது. "அன்ரி... உதை நான் எப்பிடிச் சொல்லுறது?" என்று முணுமுணுத்துவிட்டு, ஆங்கிலத்தில் சத்தமாக, இந்தக் குடும்பம் எந்த மிரட்டலுக்கும் அஞ்ச மறுக்கிறது என்றான். எல்லாரும் கை தட்டினார்கள். மார்லீனும் தட்டினாள்.

அந்தக் கைதட்டல்தான் புனிதவதிக்குப் பொறுக்கவில்லை. சலவைப் பகுதியில் இருபது வருடம் பேசிப் பழகிய ஆங்கிலத்தை எடுத்தாள். "நோ, நோ. ஐ மேக். மை ஹஸ்பன்ட் டை த ரோப். இற் இஸ் மைன்."

சத்தம் நின்றது. சார்ஜன்ட் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். எம்.பி. மட்டும் ஒரு மூச்சு விடுவதற்குள் சமாளித்துக்கொண்டார். சமூகங்களுக்குள் அறிவூட்டல் எவ்வளவு அவசியம் என்பதை இந்தத் துணிச்சலான பெண் காட்டிவிட்டார், அதற்கும் தன் சட்டமூலத்தில் பதினோராவது பிரிவு இருக்கிறது என்றார். அப்படி ஒரு பிரிவு இருப்பது சுலக்சனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

யாருடையது என்று தெரிந்துவிட்டதே, இனி இறக்கலாமா என்று புனிதவதி சார்ஜன்டைக் கேட்டாள். இப்போது நீங்கள் பாதிக்கப்பட்டவர் இல்லை, விசாரிக்கப்படுபவர், ஆகவே இனித்தான் அதைத் தொடவே கூடாது என்றார் அவர்.

அவள் வீட்டுக்குள் போனாள். குசினியில் இருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்தாள். மேல்மாடிக்கு ஏறி, ஜன்னல் வைக்கவிருந்த ஓட்டைக்குள்ளால் கையை நீட்டிக் கயிற்றை அறுத்தாள். மஞ்சள் நாடாவையும் இழுத்துக்கொண்டு வெருளி புல்லில் போய் விழுந்தது. வயிறு வெடித்து உள்ளே இருந்த கடதாசிகள் பறந்தன. எம்.பி. வேட்டியோடு நின்ற படம் ஒன்று எம்.பி.யின் சப்பாத்திலேயே போய் ஒட்டியது. கமராக்காரர்கள் அதைத்தான் கூடுதலாக எடுத்தார்கள்.

அவள் மூச்சு வாங்க இறங்கி வந்தபோது மார்லீன் வெருளிக்குப் பக்கத்தில் நின்றாள். இந்த எட்டு நாளில் முதல் தரமாக அதன் முகத்தைக் கிட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொறி, மார்லீன்" என்றாள் புனிதவதி. "சொறி. எங்களுக்கு இது... வீட்டுக்குக் கண் படக்கூடாது எண்டு. உன்னை நினைக்கவே இல்லை."

"நினைக்கவில்லை. அது விளங்குது" என்றாள் மார்லீன். கோபம் இல்லாத குரல். "ஒன்று மட்டும் கேட்கிறேன். முகத்துக்கு ஏன் இந்த நிறம்?"

புனிதவதி வாயைத் திறந்தாள். பதில் ஆயத்தமாகவே இருந்தது. அவளுடைய ஆட்களில் ஒருவரும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை, ஏனென்றால் பதில் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பதில் நாக்கு நுனிக்கு வந்தபோதுதான் அது என்ன பதில் என்று அவளுக்கு விளங்கியது.

சுலக்சன் ஓடி வந்தான். "அன்ரி, நீங்க ஒண்டும் சொல்ல வேண்டாம். ட்ரெடிஷன் எண்டு நான் சொல்லுறன். ரிலிஜன் எண்டு சொல்லுறன்."

"நீ வாயைப் பொத்து" என்றாள் அவள். இந்த மனிசிக்கு இன்னொரு பொய் சொல்ல அவளால் முடியாது. மார்லீனின் கண்ணைப் பார்த்தாள். "அக்லி" என்றாள். "பார்க்க அக்லியா இருக்க வேணும் எண்டு."

மார்லீன் இரண்டு தரம் தலையை ஆட்டினாள். "அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்" என்றாள். அவள் ஏசியிருந்தால் புனிதவதி அழுதிருப்பாள், காலில் விழுந்திருப்பாள். அவள் ஏசவில்லை. இரண்டு பக்கமும் கார் வருகிறதா என்று பார்த்து, வீதியைக் கடந்து, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சார்ஜன்ட் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். ஒரேயொரு கேள்விதான் என்றார். இதைத் தொங்கவிட்டபோது எந்த இனத்தவரையாவது மிரட்டும் நோக்கம் உங்களுக்கு இருந்ததா?

"நோ" என்றாள் புனிதவதி.

அவர் அதை எழுதினார், நேரத்தைக் குறித்தார், புத்தகத்தை மூடினார். நோக்கம் இல்லாத இடத்தில் குற்றம் இல்லை, புதுச் சட்டம் வந்தாலும் அப்படித்தான், நீங்கள் பயப்பட ஒன்றும் இல்லை என்று ஆறுதலாகச் சொன்னார். பொய் சொன்ன விஷயத்துக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும், அவ்வளவுதான். இராசரத்தினம் வாசலில் நின்று கடவுளுக்கு நன்றி சொன்னார்.

சட்டத்தின் எந்தப் பிரிவைப் புரட்டினாலும் இப்போது புனிதவதி சுத்தமானவள். மேசையை மடித்துக்கொண்டு எல்லாரும் போன பிறகு, அவள் வீதியைக் கடந்து போய் மார்லீனின் மணியை அடித்தாள். உள்ளே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. காலடி கதவு வரைக்கும் வந்தது. திரும்ப அடித்தாள். கதவு திறக்கவில்லை.